வெண்டல் ஸ்கொட்: வென்றவரின் கோப்பை வீடு வர 47 ஆண்டுகள்

கடந்த ஆண்டு நவம்பர் மாத ஆரம்பம். பாலாவிச் சந்தியில் இருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில் உள்ள ஒரு சிறிய கராஜில், மோட்டார் சைக்கிளின் பின் ரயருக்கு ஒட்டுப் போடக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் கைபேசியில் எதையோ பார்த்துப் பார்த்துத் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கார்ப் பந்தயம். அமெரிக்காவில் நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டொக் கார் பந்தயத்தின் கடைசி ஓட்டம். அவர்களில் மூத்தவனின் அண்ணன் கட்டாரில் வாகனத் திருத்துமிடம் ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே இந்தப் பந்தயங்களைப் பார்க்கப் பழகியவர், துண்டுக் காணொளிகளை வட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பித் தம்பியையும் ரசிகனாக்கிவிட்டார்.

அவர்களின் தர்க்கம் யார் நல்ல ஓட்டுநர் என்பது பற்றியதல்ல. யாரைச் சாம்பியன் என்று சொல்வது என்பது பற்றியது. 2025 நவம்பர் 2ஆம் திகதி பீனிக்ஸ் நகரில் நடந்த அந்த இறுதிப் பந்தயத்தில் டெனி ஹாம்லின் என்பவர் 200க்கு மேற்பட்ட சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 20 வருடங்களாக ஓடியும் ஒருமுறைகூடச் சாம்பியன் ஆகாதவர். அந்த ஆண்டில் மட்டும் ஆறு பந்தயங்களை வென்றிருந்தார். இன்னும் மூன்று சுற்றுகளே மீதி இருக்கையில், வேறொருவரின் காரில் ரயர் வெடித்தது. மஞ்சள் கொடி காட்டப்பட்டு எல்லாக் கார்களும் மீண்டும் நெருக்கமாக நிறுத்தப்பட்டன. ஹாம்லின் நான்கு ரயர்களை மாற்றினார், கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். பந்தயத்தை வென்றது வேறொருவர். ஆனால் சாம்பியன் பட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்த நால்வரில் முன்னால் முடித்தவர் லார்சன் என்பதால் பட்டம் அவருக்கு. அவர் அன்று ஒரு சுற்றில்கூட முன்னணியில் ஓடவில்லை.

இது அநியாயம் என்றான் இளையவன். விதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதானே என்றான் மூத்தவன். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் லீக் முறையா, விலகல் முறையா என்று உடப்பிலும் முந்தலிலும் விடிய விடியச் சண்டை பிடித்து வளர்ந்த எனக்கு இந்த வழக்கு புதிதல்ல. வருடம் முழுக்கக் கவனமாக விளையாடியவனுக்கா, கடைசி நாளில் அடித்தவனுக்கா கிண்ணம்?

கராஜ் முதலாளியை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். 1990 ஒக்டோபரில் மன்னார் எருக்கலம்பிட்டியில் இருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. இந்தத் தர்க்கம் முழுவதையும் கேட்டபடி ரயரைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுப் போகும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இத்தனை கார் ஓடுகிறதே, யார் எத்தனை சுற்று ஓடினான் என்று எண்ணுகிறது யார்?

பொடியன்கள் சிரித்தார்கள். இப்போது எல்லாம் மின்னணுக் கருவி, ஒவ்வொரு காரிலும் பூட்டியிருக்கிறது என்று விளங்கப்படுத்தினார்கள். நானும் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, அந்த விளையாட்டின் புள்ளி விதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்று வாசிக்கத் தொடங்கியபோது, நானா கேட்ட கேள்விக்குள் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் அடங்கியிருந்ததைக் கண்டேன். அவர் பெயர் வெண்டல் ஸ்கொட்.

வெண்டல் ஆலிவர் ஸ்கொட் 1921 ஒகஸ்ட் 29ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். டான்வில் சாதாரண ஊர் அல்ல. அடிமை முறையைக் காப்பாற்றப் போர் தொடுத்த தென் மாநிலங்களின் கூட்டு, 1865இல் தோற்று ஓடுகையில் கடைசியாகத் தலைநகராக வைத்திருந்த இடம் அது. ஸ்கொட் பிறந்த காலத்தில் அங்கே கறுப்பின மனிதருக்கு முன்னால் இருந்த வழிகள் குறைவு. பருத்தி ஆலை, அல்லது புகையிலைத் தொழிற்சாலை. இரண்டிலும் நேரத்துக்கு மணியடிக்கும், மேலாளின் கண் முதுகில் இருக்கும். அந்த இரண்டுக்கும் போவதில்லை என்று சிறு வயதிலேயே ஸ்கொட் முடிவெடுத்திருந்தார்.

தகப்பன் வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குச் சாரதியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் பழக்கம் மகனுக்கு அங்கிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டினார். 1943இல் மேரி கோல்ஸ் என்பவரைத் திருமணம் செய்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் மெக்கானிக்காக வேலை செய்தார். அந்த இராணுவத்தில்கூடக் கறுப்பினத்தவர் வேறு, வெள்ளையர் வேறு. போர் முடிந்து ஊர் திரும்பி ஒரு கராஜ் திறந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். கராஜ் வருமானம் போதவில்லை. இரவில் கசிப்பு ஏற்றி ஓடத் தொடங்கினார்.

அந்தக் காலத்து அமெரிக்கத் தென்பகுதியில் கசிப்புக் கடத்தலும் கார்ப் பந்தயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பொலிஸ் வாகனத்தைவிட வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக வெளியில் பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் காரின் இயந்திரத்தை உள்ளே மாற்றியமைப்பார்கள். ஓய்வு நாளில் அதே கார்களை மண் பாதையில் ஓட்டி யாருடையது வேகம் என்று பார்ப்பார்கள். கடையில் விற்கும் சாதாரணக் கார் என்ற பொருளில்தான் ஸ்டொக் கார் என்ற பெயரே வந்தது. ஸ்கொட்டைப் பொலிஸார் பல தடவை துரத்தினார்கள், ஒரு தடவைதான் பிடித்தார்கள். 1949இல் மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

1952இல் டான்வில் பந்தயத் திடலுக்குக் கூட்டம் குறைந்திருந்தது. வெள்ளையரோடு ஒரு கறுப்பினத்தவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கச் சனம் வரும் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். இந்த ஊரில் மிக வேகமாக ஓட்டும் கறுப்பினத்தவர் யார் என்று பொலிஸாரிடமே போய்க் கேட்டார்கள். துரத்தித் தோற்றவர்கள் சொன்ன பெயர் வெண்டல் ஸ்கொட். மே 23ஆம் திகதி முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கினார். பார்வையாளர்கள் சிலர் கூச்சலிட்டு ஏசினார்கள். கார் இடையில் பழுதாகிவிட்டது. ஆனால் தன் வாழ்க்கை இதுதான் என்று அன்றிரவே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து நாஸ்கார் நடத்திய பந்தயம் ஒன்றுக்குத் தன் காரை இழுத்துக்கொண்டு போனார். கறுப்பினத்தவர் ஓட முடியாது, வேண்டுமானால் உன் காரை ஒரு வெள்ளைப் பையனிடம் கொடு என்றார்கள். இன்னொரு திடலுக்குப் போனார். அங்கேயும் அதே பதில். கண்ணீரோடு வீடு திரும்பியதாகப் பின்னர் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நாஸ்கார் அல்லாத சிறிய பந்தயங்களில் ஓடினார். முதல் ஓட்டத்தில் இருந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒன்றை வென்றார். பிறகு றிச்மண்ட் திடலில் பகுதிநேரமாக வேலை செய்த நாஸ்கார் அதிகாரி ஒருவர், மேலிடத்தைக் கேட்காமலே அவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட்டார். நாஸ்கார் அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாவது கறுப்பின ஓட்டுநர் இப்படித்தான் உருவானார்.

1959இல் வேர்ஜினியா மாநில மட்டச் சாம்பியன் பட்டம் வென்றார். 1961 மார்ச்சில், 39 வயதில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நஷனலில் நுழைந்தார். மற்றவர்களுக்குக் கார்க் கொம்பனிகள் புதிய இயந்திரமும் பணமும் சம்பளத்துக்கு மெக்கானிக்குகளும் கொடுத்தன. ஸ்கொட்டுக்கு அனுசரணையாளர் என்று சொல்லத்தக்க ஒருவரும் இல்லை. மற்ற அணிகள் பாவித்துக் கழித்த காரை வாங்கித் திருத்தினார். அவர்கள் எறிந்த ரயரைப் பொறுக்கினார். பிள்ளைகள்தான் அவருடைய பிட் குழு. பல தடவைகளில் தானே காரை நிறுத்தி, இறங்கி, எரிபொருள் நிரப்பி, ஏறி ஓடினார். போகும் வழியில் கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்காத விடுதிகள், சாப்பாடு கொடுக்காத கடைகள். குடும்பம் வாகனத்திலேயே உறங்கியது. தென் கரோலைனாவின் டார்லிங்டன் திடலில் நடந்த பெரிய பந்தயத்தில் முதல் சில ஆண்டுகள் அவரை ஓடவே விடவில்லை.

இந்தக் கடைசித் தகவல் புள்ளிக் கணக்கோடு சம்பந்தப்பட்டது. அன்றைய முறையில் எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே அளவு புள்ளி இல்லை. நீண்ட பந்தயம், பெரிய பரிசுத்தொகைப் பந்தயம் என்றால் புள்ளியும் கூட. பெரிய பந்தயத்தின் கேற்றிலேயே ஒருவரை நிறுத்திவிட்டால் வருட முடிவில் அவருடைய கணக்கில் பள்ளம் விழும். ஏடு பார்ப்பவருக்கு அந்தப் பள்ளம் ஓட்டுநரின் திறமைக் குறைவாகத்தான் தெரியும். கேற்றில் நின்றவரின் பெயர் புள்ளி அட்டவணையில் இருக்காது.

1963ஆம் ஆண்டு வந்தது. யூன் 10ஆம் திகதி டான்வில் நகரில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பொலிஸார் தண்ணீர்க் குழாயாலும் தடியாலும் அடித்து விரட்டினார்கள். நவம்பர் 22இல் ஜனாதிபதி கெனடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 1ஆம் திகதி, புளொரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு பந்தயம். அரை மைல் நீளமான மண் பாதை, 200 சுற்று, மொத்தம் 100 மைல். ஸ்கொட் கொண்டுபோனது இன்னொரு ஓட்டுநரிடம் இருந்து வாங்கிய பழைய செவர்லே. இலக்கம் 34.

குண்டும் குழியுமான பாதை அன்று பலரின் கார்களை உடைத்தது. கசிப்பு ஏற்றிய காலத்தில் மோசமான வீதிகளில் ஓடிப் பழகியவருக்கு, காரை நோகாமல் கொண்டுபோகத் தெரியும். முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் தடுமாறத் தொடங்கியது. 25 சுற்று மீதி இருக்கையில் ஸ்கொட் அவரைத் தாண்டினார். பிறகு அவரை யாரும் தாண்டவில்லை. 200ஆவது சுற்றை முடித்துக்கொண்டு வந்தார். கட்டம் போட்ட கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓடினார். அப்போதும் கொடி அசையவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பக் பேக்கர் என்ற வெள்ளை ஓட்டுநர் கோட்டைத் தாண்டியபோது கொடி அசைந்தது. பேக்கர் வெற்றியாளர் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. வெற்றி மேடையில் கோப்பையை அவர் வாங்கினார், படம் எடுத்தார்கள்.

ஸ்கொட் விடவில்லை. கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் சுற்றுகளை எண்ணுவது கையால். ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அட்டையில் குறித்துக்கொண்டு போவார். அந்த அட்டைகளைத் திரும்ப எண்ணினார்கள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து, சனம் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, எண்ணியதில் பிழை நடந்துவிட்டது என்றும் வென்றது ஸ்கொட்தான் என்றும் அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். மற்ற எல்லாரையும்விட அவர் இரண்டு சுற்று முன்னால் ஓடியிருந்தார். 200 சுற்றுப் பந்தயத்தில் 202 சுற்று ஓடி வென்றவர். ஆயிரம் டொலர் பரிசுப் பணத்தைக் கொடுத்தார்கள். கோப்பை ஏற்கெனவே பேக்கரோடு போய்விட்டது. பின்னர் ஒரு நாள் அவர் கையில் கொடுத்தது மெருகுகூட ஏற்றாத மரக்கட்டை போன்ற ஒன்று என்று குடும்பத்தினர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அது தவறா, வேண்டுமென்று செய்ததா? வெற்றி மேடையில் வென்றவருக்கு ஒரு வெள்ளை அழகுராணி முத்தம் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்தக் காட்சியை அந்தச் சனத்துக்கு முன்னால் நடக்கவிடாமல் தடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று குடும்பம் கடைசி வரை நம்பியது. கையெழுத்துக் கணக்கில் பிழை வருவது வழக்கம்தான் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இரண்டாவது வாதத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே புளொரிடா மாநிலத்தில், 1959 பெப்ரவரியில், முதலாவது டேடோனா 500 பந்தயத்தின் முடிவில் ஜொனி போஷாம்ப் வென்றதாக அறிவித்து மேடையில் ஏற்றினார்கள். லீ பெட்டி மறுத்தார். நாஸ்கார் தலைவர் பில் பிரான்ஸ் புகைப்படங்களையும் செய்திப் படச் சுருள்களையும் தேடியெடுத்துப் பார்த்து, மூன்று நாளில் முடிவை மாற்றி லீ பெட்டியை வெற்றியாளராக அறிவித்தார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. ஆகவே பிழை நடக்கும், திருத்தவும் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். திருத்தியதை ஊரறியச் சொல்லவும் தெரியும். ஸ்கொட்டின் விடயத்தில் திருத்தியது ஆளில்லாத் திடலில்.

இப்போது ரசிகர்களின் தர்க்கத்துக்கு வருகிறேன். அந்த ஜாக்சன்வில் ஓட்டம் 1964 பருவகாலத்தின் கணக்கில் சேர்ந்தது. மொத்தம் 62 பந்தயங்களில் அது மூன்றாவது. அந்தப் பருவத்தில் நெட் ஜரட் 15 பந்தயங்களை வென்றார், ஆனாலும் 9 மட்டுமே வென்ற ரிச்சர்ட் பெட்டிதான் புள்ளியால் சாம்பியன். அன்றும் தர்க்கம் இருந்தது. 1975இல் எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே அளவு புள்ளி என்ற முறை வந்தது. 2003இல் ஒரேயொரு பந்தயத்தை மட்டும் வென்ற மட் கென்செத் சாம்பியன் ஆனார், எட்டை வென்ற ரயன் நியூமன் ஆறாம் இடம். ரசிகர்கள் கொதித்தார்கள். 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியாகப் பிரித்துப் பட்டத்துக்கான கட்டம் ஆக்கினார்கள். 2014இல் அது இன்னும் இறுகியது. ஒரு பந்தயத்தை வென்றால் 16 பேர் கொண்ட கட்டத்துக்குள் போகலாம், அங்கிருந்து நான்கு நான்கு பேராகக் கழிந்து, கடைசி நாளில் நால்வர் மட்டும் மோதுவார்கள். 2025இல் ஹாம்லினுக்கு நேர்ந்தது அந்த முறையில்தான். 2026 பருவத்துக்கு அதைக் கைவிட்டு, கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளியைக் கூட்டும் பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த விதிகளை ஒவ்வொன்றாக ஸ்கொட்டின் வாழ்க்கைக்கு மேல் வைத்துப் பார்த்தேன். முழுப் பருவத்தையும் கூட்டும் முறை அவருக்குப் பொருத்தமானது. கொம்பனிக் கார்களை வேகத்தில் வெல்ல அவரால் முடியாது. ஆனால் வரும் பந்தயம் எல்லாவற்றுக்கும் போவார், உடைக்காமல் ஓடுவார், முடித்துக்கொண்டு வருவார். 1966இல் நாடு முழுவதற்குமான புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1967இல் பத்து, 1968இலும் 1969இலும் ஒன்பது. அனுசரணை இல்லாத, பழைய ரயரில் ஓடும் மனிதர் ஒருவர் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பத்துக்குள். புள்ளி முறை மட்டும் இல்லாவிட்டால் இந்த உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. வென்றவனுக்கு மட்டுமே இடம் என்ற முறையிலோ, அந்த ஜாக்சன்வில் வெற்றி அவருக்குப் பட்டக் கட்டத்தின் கதவைத் திறந்திருக்கக்கூடும். எந்த விதியை வைத்தாலும் அவருக்கு ஏதோ ஒரு இடம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு நிபந்தனை. கேற்றில் மறிக்காமல் உள்ளே விட வேண்டும். கோட்டைத் தாண்டியதை ஒருவர் பார்த்து எண்ண வேண்டும். எண்ணியதை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, அந்தப் பெயரோடு சொல்ல வேண்டும். ரசிகர்கள் சூத்திரத்தைப் பற்றித்தான் தர்க்கப்படுகிறார்கள். சூத்திரத்துக்கு முந்தியது எண்ணுகிறவரின் கை.

1973 மே மாதம் அலபாமாவின் டலடேகா திடலில் சுமார் இருபது கார்கள் ஒன்றோடொன்று மோதின. கடன்பட்டு அப்போதுதான் வாங்கியிருந்த நல்ல காரோடு ஸ்கொட்டும் அதற்குள் அகப்பட்டார். இடுப்பெலும்பு, விலா எலும்புகள், கால் எல்லாம் முறிந்தன. கார் அழிந்தது, கடன் மிஞ்சியது. அந்த ஒக்டோபரில் கடைசியாக ஒரு பந்தயம் ஓடி 12ஆவதாக முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 52. உச்சப் பிரிவில் 495 பந்தயங்கள், 147 தடவை முதல் பத்துக்குள், ஒரு வெற்றி. 1977இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி ரிச்சர்ட் பிரையர் நடித்த திரைப்படம் ஒன்று வந்தது. ஸ்கொட் டான்வில்லில் தன் கராஜிலேயே தொடர்ந்து வேலை செய்தார். 1990 டிசம்பர் 23ஆம் திகதி, 69 வயதில், முள்ளந்தண்டுப் புற்றுநோயோடு போராடிக் காலமானார்.

அந்தத் திகதியை வாசித்தபோது நான் சற்று நிறுத்தினேன். 1990இன் கடைசி மாதங்கள். இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது வேறொன்றின் பெயர். அந்த ஒக்டோபரில் வடக்கில் இருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள், சுமார் 75 ஆயிரம் பேர், பெரும்பாலும் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. எங்கள் உடப்புப் பெரியவர்கள் அந்த மழைக்கால ஓலைக் கொட்டில்களைப் பற்றி இன்றும் சொல்வார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து குண்டுக்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்களையும் இந்தக் கரை கண்டிருக்கிறது. எல்லாருடைய வாழ்க்கையும் பட்டியலில் ஏறுவதும் விடுபடுவதுமாகத்தான் போனது. போர் முடிந்த பிறகு, 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழைய இடம்பெயர்ந்தோர், பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் புதியோர் என்று ஒரு கோடு கிழித்தார்கள். உதவிகளில் முன்னுரிமை புதியவர்களுக்கு. வன்னியில் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குள் இருந்தவர்களுக்கு அது அவசரத் தேவை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 18 வருடம் காத்திருந்தவர், காத்திருந்த காலம் கூடியதாலேயே பின்வரிசைக்குப் போனார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் எத்தனை ஆணைக்குழுக்களுக்கு முன்னால் அதே பெயரை, அதே திகதியைச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இதை வாசிக்கும் பலருக்குச் சொந்த அனுபவம். எண்ணப்படவில்லை என்ற வலிக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. ஒரு பந்தயக்காரரின் கோப்பையை எங்கள் இழப்புகளோடு சமன்படுத்தவும் நான் வரவில்லை. ஆனால் தாமதமாகச் செய்யப்படும் திருத்தம் எப்படி இருக்கும் என்பதை அவருடைய வாழ்க்கையில் முழுதாகப் பார்க்க முடிகிறது.

2010இல் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த பந்தய ஆர்வலர் அமைப்பு ஒன்று, அந்தக் கோப்பையைப் போல ஒன்றைச் செய்து குடும்பத்திடம் கொடுத்தது. பந்தயம் முடிந்து 47 ஆண்டுகள், ஸ்கொட் இறந்து 20 ஆண்டுகள். 2015இல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தது. அங்கே இடம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர். 2021 ஒகஸ்டில், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், டேடோனா திடலில் நாஸ்கார் தானே ஒரு கோப்பையைக் குடும்பத்தாரிடம் கையளித்தது. இந்தத் தடவை இருக்கைகளில் சனம் இருந்தது. ஐந்து வாரம் கழித்து, ஒக்டோபர் 4ஆம் திகதி, ஸ்கொட்டின் எலும்புகள் முறிந்த அதே டலடேகா திடலில் பபா வொலஸ் என்ற கறுப்பின இளைஞர் வென்றார். நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஜாக்சன்வில்லுக்குப் பிறகு ஒரு கறுப்பின ஓட்டுநரின் முதல் வெற்றி. இடையில் ஏறத்தாழ 58 ஆண்டுகள்.

ஒரு கணக்கு மட்டும் எந்த விழாவாலும் திருத்த முடியாதது. 1963 டிசம்பர் 1ஆம் திகதி மாலையில் ஒலிபெருக்கி அவருடைய பெயரைச் சொல்லியிருந்தால், மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய படம் வந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு அனுசரணையாளர் வந்திருக்கலாம். புதிய இயந்திரம் கிடைத்திருக்கலாம். அதன் பிறகு அவர் எத்தனை வென்றிருப்பார், எந்த ஆண்டில் எத்தனையாம் இடத்துக்கு வந்திருப்பார் என்பதை எந்தப் புள்ளிச் சூத்திரத்தாலும் கூட்டிச் சொல்ல முடியாது. அவருக்கு அப்போது 42 வயது.

சில கிழமை கழித்து மீண்டும் அந்தக் கராஜுக்குப் போனேன். நானாவிடம் இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். பொடியன்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். இளையவனுக்குக் கோபம், மூத்தவனுக்கு விதிப்படி பார்த்தால் 1964இல் ஸ்கொட் எத்தனையாம் இடம் என்பதில் ஆர்வம். நானா, பரிசுப் பணத்தையாவது உடனே கொடுத்தார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். பிறகு, முதலில் கோப்பையைக் கொண்டுபோனவர் அதைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்டார். அந்தக் கோப்பை ஸ்கொட்டின் வீட்டுக்கு வரவேயில்லை, பிள்ளைகளிடம் இருப்பது பிறகு செய்து கொடுத்தது என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கடைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், பொலித்தீன் உறைக்குள் வைத்து ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழைய கூப்பன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 1990களில் முகாமில் அவருடைய உம்மாவின் பெயருக்குக் கொடுத்தது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த உம்மா எத்தனை தடவை புத்தளம் கச்சேரிக்கு நடந்தார் என்று சொல்லத் தொடங்கினார். நான் கொப்பியைத் திறந்து, உம்மாவின் பெயருக்குச் சரியான எழுத்து எது என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொண்டேன்.